உங்களுக்குத் தெரியுமா? ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர்!

70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலையின் சோளக்காடு வருபவர்கள் அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் பெயரைக் கேட்காமல் திரும்புவதில்லை. அவன் ஏறிய குதிரைக்கும் அதே பெயர்தான்.

• சொல்வது சிறுபாணாற்றுப்படை. சங்க இலக்கியத்தின் பத்துப்பாட்டில் ஒன்று. பாடியவர் நல்லூர் நத்தத்தனார்.

• எதிரியும் அப்படியே! ஓரியோடு மோதிய மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஆக, அந்தப் போரில் இரண்டு ஓரி, இரண்டு காரி.

• வென்றவன் காரி. ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு.

• மோதிய இருவருமே கடையெழு வள்ளல்களில் அடங்குவர். இரவலர்க்குக் குதிரைகளை அள்ளித் தந்தவன் காரி. கூத்தர்க்கு நாட்டையே தந்தவன் ஓரி.

• சோளக்காட்டிலிருந்து சற்றுத் தள்ளி, செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடியில் அரசு விழாவும் நடக்கிறது.

• தமிழகத்துக்கு வெளியேயும் குதிரைப் பெயருக்குப் பெருமை உண்டு: பிடித்த குதிரை பியூசிபாலஸின் பெயரில் ஊரே அமைத்தவர் அலெக்சாண்டர். அது இறந்ததும் ஜீலம் ஆற்றங்கரையில் கி.மு. 326-இல் பியூசிபாலா நகரை நிறுவினார்.