மழையும் மண்புழுவும்

இரவெல்லாம் அடைமழை பெய்து ஓய்ந்தபின் ஸுபுஹுத் தொழுகைக்குச் செல்வோர், வழியெங்கும் மண்புழுக்கள் நெளிவதைக் கண்டிருப்பர். வெயில் ஏறிய ளுஹா வேளையில் அதே வழியே வந்தால், அவற்றுள் பல காய்ந்து சுருண்டு கிடக்கும். மண்ணுக்குள் வாழப் படைக்கப்பட்ட உயிர், தனக்குப் பகையான வெளியை ஏன் நாடுகிறது?

வளைக்குள் நீர் புகுவதால், மூழ்கி இறக்காமலிருக்க அது மேலே வருகிறது என்பதே நம்மில் பெரும்பாலோர் அறிந்த விடை. நாமும் நெடுநாள் அதையே சொல்லி வந்தோம். அவ்விடை முற்றிலும் பிழையன்று. ஆனால், அது போதுமானதுமன்று.

மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரம் படிந்த தோலின் வழியாகவே அது ஆக்சிஜனைப் பெறுகிறது. தோல் உலர்ந்தால் மூச்சு நிற்கும். ஆதலால் ஈரம் அதற்குப் பகையன்று, உயிர்நிலை. இடர் வேறிடத்தில் உள்ளது. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன். 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரிலோ கரைந்திருக்கக் கூடியது சுமார் 8 மில்லிகிராம் மட்டுமே. நீருக்குள் அது பரவும் வேகமும் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மண்ணின் நுண்துளைகளை மழைநீர் அடைத்துக்கொண்டால், எஞ்சிய சிறிதளவையும் வேர்களும் நுண்ணுயிர்களும் செலவிட்டுவிடுகின்றன.

இங்கே ஒரு முரண் எழுகிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் பெரியே, பெரிய மண்புழுக்கள் சிலவற்றை ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீருக்குள்ளேயே உயிரோடு வைத்திருந்தார். சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட மண்புழு நூலில் இதைக் குறிப்பிடுகிறார். அவ்வாண்டு மார்ச்சில் லண்டன் ஹைடு பூங்காவின் நடைபாதையில் கால்டன் எண்ணிக் கண்ட இறந்த புழுக்களைப் பற்றிய செய்தியும் அந்நூலில் உண்டு. அவை வெறுமனே மூழ்கி இறந்தவையல்ல, முன்னரே நோயுற்றிருந்தவை. வெள்ளம் அவற்றின் முடிவை விரைவுபடுத்தியது என்பது டார்வினின் கருத்து. அதுவும் முழு விடையாகவில்லை. நலமுள்ள புழுக்களும் வெளிவரத்தான் செய்கின்றன.

தெளிவு கிட்டியது தைவானிலிருந்து. அங்கே 2008இல் வெளியான ஓர் ஆய்வு இருவகைப் புழுக்களை ஒப்பிட்டது. அமிந்தாஸ் கிராசிலிஸ் என்பது ஆக்சிஜனை மிகுதியாகச் செலவிடும் வகை. அச்செலவு இரவில் மேலும் கூடுகிறது. கனமழைக்குப் பின் இரவில் வெளிவருவது இதுவே. பாண்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ் என்னும் மற்றொன்றுக்குத் தேவை குறைவு; அது மண்ணுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்வகை இன்று தென்னிந்திய மண்ணிலும் பரவலாக வாழ்கிறது. ஆக, மண்புழு ஏன் வெளிவருகிறது என்று வினவுவதைவிட, எந்த மண்புழு என்று வினவுவதே முறை.

மற்றொரு சான்றும் இதனையே உணர்த்துகிறது. நிலம் அதிர்ந்தால், அகழெலி துரத்துவதாக எண்ணிப் புழுக்கள் வெளியேறும் என்பது பழைய நம்பிக்கை. டார்வின் பல இடங்களில் நிலத்தைத் தட்டிப் பார்த்தார். ஒரு புழுவும் வரவில்லை. ஆனால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், தூண்டிலுக்குப் புழு திரட்டுவோர் மரமுளையை நிலத்தில் அடித்து, அதன் தலையில் இரும்புப் பட்டையைத் தேய்த்துப் புழுக்களைத் திரளாக வரவழைக்கின்றனர். அவ்வதிர்வு அகழெலி தோண்டும் அதிர்வை ஒத்தது என்பதை 2008இல் கென்னத் கடானியா என்னும் ஆய்வாளர் காட்டினார். பழைய நம்பிக்கை ஓரிடத்தில் பொய்த்து, மற்றோரிடத்தில் மெய்யானது; புழுவின் இனம் வேறு.

ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் அறிஞர் அல்-ஜாஹிஸை இங்கு நினைக்காதிருக்க இயலவில்லை. கொசு, ஈ போன்ற அற்ப உயிர்களிலும் படைத்தோனின் ஞானத்தைக் கண்ட அவர், தமது கிதாபுல் ஹயவானில் அரிஸ்டாட்டிலின் கூற்றுகளையே கண்ணால் கண்ட சான்று எங்கே என வினவத் தயங்கவில்லை. ஈமானும் ஐயவினாவும் அவரிடம் ஒருங்கே குடியிருந்தன. வறண்ட நிலம் மழையால் உயிர்பெறுவதைப் பேசும் திருமறை வசனங்களை (22:5, 41:39) மண்புழுவோடு முடிச்சிட எழுதுவோர்க்கு ஆவல் எழக்கூடும். நாம் அதற்கு உடன்படோம். ஆய்வாளரின் விடை நாளை மாறலாம். மாறும் விடையை மாறா வசனத்தின் தோளில் ஏற்றுவது, வசனத்துக்குச் செய்யும் கண்ணியமாகாது.

இன்னொரு கருத்தும் ஆய்வாளரிடையே உண்டு. மண்ணைத் துளைத்துச் செல்வது மெதுவான, கடினமான பயணம். மழை நனைத்த தரையிலோ தோல் உலரும் அச்சமின்றித் தொலைவாகச் செல்லலாம். புதிய இடத்தையும் இணையையும் தேடலாம். இது மெய்யெனில், அவற்றுள் சில அகதிகளல்ல, பயணிகள். முற்றமும் தெருவும் மண்ணாக இருந்தவரை, பொழுது விடியுமுன் அவை எங்கேனும் புகுந்துகொள்ள முடிந்தது. இன்று அவை சென்று சேர்வது சிமெண்டுத் தளத்தில். துளைக்க இடமில்லை, சூரிய ஒளியோ புழுவின் தோலைத் தாக்கி அதைச் செயலிழக்கச் செய்கிறது. பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வழியில், உடல் இன்னும் மினுமினுப்போடு நெளியும் புழுவை எடுத்து ஈரமண்ணில் இட்டால், அது தலையை நுழைத்துச் சிறிது நேரத்தில் மறைந்துவிடும்.