உறையும் ரத்தம், கசியும் ரத்தம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் செருப்பில்லாமல் சுற்றி வருபவர்களில் சர்க்கரை நோயாளிகளும் உண்டு. பாதம் மரத்துப்போனவருக்குக் கண்ணாடிச் சில்லு குத்தினாலும் தெரியாது. ஊர் திரும்பி, கால் வீங்கிய பிறகே கவனிப்பார். அந்தப் புண்ணின் தொற்று உடம்பையே உலுக்கி உறுப்புகளைக் கெடுத்தால் செப்சிஸ். ரத்த அழுத்தம் சரிந்து, சலைன் ஏற்றியும் தேறாத நிலை செப்டிக் ஷாக். அப்போது சிலருக்குக் கால்விரல் நுனி கறுக்கும். அதே உடம்பில், ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் கசியும். நுண்குழாய்களில் ரத்தம் உறைந்து உறைந்தே, உறைவதற்கான புரதங்களும் பிளேட்லெட்டுகளும் தீர்ந்துவிடுகின்றன.

அதற்காக உறைதலையே வில்லனாக்குவது தவறு என்பது என் வாதம். லாட நண்டின் ரத்தம் பாக்டீரியா பட்டாலே உறைந்து, கிருமியைச் சிறைவைக்கும். நம் உடம்பிலும் வெள்ளணுக்களும் பிளேட்லெட்டும் சேர்ந்து கிருமிக்கு வலை கட்டுகின்றன. ஒரு புண்ணோடு நின்றால் அந்த வலை காவல். உடம்பு முழுக்க விரிந்துவிட்டால் சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் போகிற ரத்தத்தையே அது அடைக்கிறது.

அப்படியானால் உறைதலைத் தடுத்தால் போதாதா? நியாயமான கேள்விதான், மருத்துவ உலகம் அதைச் சோதித்தும் பார்த்தது. உறைதலைத் தடுக்கும் ‘ஸைக்ரிஸ்’ மருந்து, 2001இல் வெளியான ஆய்வில் இறப்பை 30.8 சதவீதத்திலிருந்து 24.7 ஆகக் குறைத்தது. அமெரிக்கா அந்த ஆண்டே அனுமதித்தது. செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் மீண்டும் சோதித்தபோது மருந்து பெற்றவர்களில் 26.4 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 24.2 சதவீதம் பேரும் இறந்தார்கள். 2011 அக்டோபரில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. எல்லோருக்கும் கொடுத்ததுதான் பிழை, உறைதல் கட்டுமீறியவர்களுக்கு மட்டும் கொடுத்தால் பலிக்கும் என்கிறார்கள் சிலர். ஜப்பானில் அவ்வகை மருந்துகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் கிருமி உள்ளே இருக்கும்வரை வலை கட்டும் கட்டளை போய்க்கொண்டே இருக்கும். வலையை மட்டும் அறுப்பது எப்படிப் போதும்? படுத்த படுக்கையில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டாமலிருக்கக் குறைந்த அளவில் போடும் ஹெப்பாரின் வேறு விஷயம்.

ஆகவே ஷாக் தெரிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். சீழைத் திறந்து வெளியேற்ற வேண்டும். நம் ஊரில் பிளேட்லெட் குறைந்தது என்றாலே டெங்கு என்று முடிவுகட்டி, பப்பாளி இலைச் சாறு தேடி ஓடுகிறோம். அந்த நேரத்தில், காய்ச்சலில் கிடப்பவரின் பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கை விலக்கிப் பார்த்துவிட்டால் ஒரு நாள் மிச்சமாகலாம்.