42 கிலோ மீட்டர் ஓடிய தாத்தா, சொந்த ஊர் ரோட்டைக் கடக்கும்போது பலி!

பஞ்சாப் மாநிலம், ஜலந்தர் – பதான்கோட் தேசிய நெடுஞ்சாலை. ரோட்டை ஒட்டி பியாஸ் என்று ஒரு கிராமம்.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் 14-ந்தேதி, திங்கட்கிழமை. பிற்பகல் மணி சுமார் 3½. ஊர்ப் பெரியவர் ஒருவர் வழக்கம் போல் நடக்கக் கிளம்பினார். வீட்டை விட்டு வெளியே வந்தார். ரோட்டைக் கடந்தார்.

வேகமாக வந்த கார் ஒன்று அவரை அடித்துத் தூக்கி எறிந்தது. கார் நிற்கவில்லை. பறந்து விட்டது.

பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பலன் இல்லை. அன்று மாலையே உயிர் பிரிந்தது.

இடித்து விட்டு ஓடும் கேஸ் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதுசா என்ன? பேப்பரில் நாலு வரி வரும். மறுநாள் மறந்து போகும். ஆனால் இந்தச் செய்தி அன்று இரவே லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

காரணம், இறந்தவர் பவுஜா சிங். பாஸ்போர்ட்டில் உள்ளபடி அவருக்கு வயது 114. முழு மாரத்தான் ஓட்டம் 9 முறை ஓடியவர். அத்தனையும் 89 வயதுக்கு மேல்!

குச்சிக் கால்

பவுஜா சிங் ஒரு விவசாயி. பள்ளிக்கூடம் போனது இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது.

அவர் பிறந்து 5 வயது வரை நடக்கவே இல்லை. கால் இரண்டும் குச்சி குச்சியாக இருக்கும். நடக்க ஆரம்பித்த பிறகும் கொஞ்ச தூரத்துக்கு மேல் போக முடியாது. கூட விளையாடும் பையன்கள் 'தண்டா' என்று கேலி செய்வார்கள். பஞ்சாபியில் தண்டா என்றால் தடி, குச்சி.

வயல் வேலைதான் அந்தக் காலைத் தேற்றியது. வாலிப வயதில் ஊர்ப் பக்கம் ஓட்டப் பந்தயங்களில் ஆசையாக ஓடினார். 1947-ல் நாடு பிரிந்தது. பஞ்சாபே ரெண்டுபட்ட நேரம். ஓட்டத்தை அதோடு விட்டார். அப்போது அவருக்கு வயது 36.

அதற்குப் பிறகு 50 வருஷத்துக்கு மேல் அவர் ஓட்டக்காரர் இல்லை. குடும்பம், பிள்ளை குட்டி, மாடு, நிலம். அவ்வளவுதான்.

தகரம் பறந்தது

1992-ல் மனைவி இறந்தார். அடுத்த இடி 1994 ஆகஸ்டு மாதத்தில் விழுந்தது.

மகன் குல்தீப். தகப்பனாரோடு ஊரில் இருந்து விவசாயம் பார்த்தவர். புயல் காற்று அடித்த நேரம். காற்றில் பறந்து வந்த தகரத் தகடு ஒன்று குல்தீப்பைத் தாக்கியது. பெற்ற தகப்பன் கண் எதிரே மகன் உயிர் போயிற்று.

80 வயதைத் தாண்டியவர் இடிந்து போனார். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் பார்த்தார்கள். இப்படியே விட்டால் அப்பாவும் போய் விடுவார் என்று பயம். லண்டன் பக்கம் இல்போர்டு என்ற இடத்தில் இருந்த மகன் வீட்டுக்கு அழைத்துக் கொண்டு போனார்கள்.

அங்கே போய் என்ன செய்வது? பேச்சுத் துணை கிடையாது. பாஷை தெரியாது. குளிர். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கொண்டு எத்தனை நாள் உட்காருவது? வயதான காலத்தில் பிள்ளைகளோடு வெளிநாடு போன அப்பா அம்மாக்களைக் கேட்டால் இந்தச் சங்கடம் தெரியும்.

சீக்கியர் கோவிலான குருத்வாராவுக்குப் போனார். அங்கே வயதானவர்கள் சிலர் சேர்ந்து ஓடிக் கொண்டிருந்தார்கள். தாத்தாவும் சேர்ந்து கொண்டார். அங்கே பழக்கம் ஆனவர்தான் ஹர்மந்தர் சிங். அவரும் மாரத்தான் ஓடுகிறவர். பின்னால் தாத்தாவுக்குக் கோச் ஆனார். அவரைச் சந்திக்காமல் இருந்தால் பவுஜா சிங் மாரத்தான் பக்கமே போயிருக்க மாட்டார்.

கோட்டு சூட்டில் ஓட்டம்

முதல் நாள் பயிற்சி. ரெட்பிரிட்ஜ் என்ற இடத்தில் தாத்தா வந்து நின்றார். எப்படி? பேண்ட், வெயிஸ்ட் கோட்டு, மேல் கோட்டு. மூன்று உருப்படியும் போட்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி!

வெளியே நாலு பேர் மத்தியில் போகிறோம், மரியாதையாக உடுத்த வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. கோச்சு உடுப்பில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. தலைப்பாகை மட்டும் கடைசி வரை இறங்கவில்லை.

அடுத்தது இன்னும் தமாஷ்.

தாத்தா 20 கிலோ மீட்டர் வரை சுலபமாக ஓடுவார். மாரத்தான் என்றால் 26 என்று காதில் விழுந்திருக்கிறது. 20 ஓடுகிறவனுக்கு 26 ஒரு தூரமா? உடனே ஓட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

26 சரிதான். ஆனால் அது கிலோ மீட்டர் இல்லை. மைல்! கிலோ மீட்டரில் போட்டால் 42 கிலோ மீட்டர், 195 மீட்டர்.

நம்ம கணக்கில் பார்க்கலாம். சென்னை கடற்கரை ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் தாம்பரம் சுமார் 30 கிலோ மீட்டர். தாத்தா நினைத்தது தாம்பரத்துக்கு முன்னாலேயே இறங்கி விடுகிற தூரம். நிஜ மாரத்தான் தாம்பரம், வண்டலூர் எல்லாம் தாண்டி கூடுவாஞ்சேரிக்கும் அப்பால் போய் நிற்கும்.

விஷயம் புரிந்த பிறகும் அவர் பின்வாங்கவில்லை. அப்புறம்தான் பயிற்சி சூடு பிடித்தது.

வேகமா ஓடு, முந்து என்கிற கதையே கிடையாது. நடை, மெல்லோட்டம், மறுபடி நடை. பிற்காலத்தில் தினமும் சுமார் 10 மைல், அதாவது 16 கிலோ மீட்டர், அவர் நடந்தும் ஓடியும் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நம்மில் எத்தனை பேர் 1 கிலோ மீட்டர் தூரத்து ரேஷன் கடைக்கு நடந்து போகிறோம்?

சாப்பாடு ரொம்ப சாதாரணம். சுத்த சைவம். சப்பாத்தி, பருப்பு, கீரை காய்கறி, தயிர், பால். இஞ்சி தட்டிப் போட்ட டீ. எண்ணெயில் பொரித்த பண்டம் தொட மாட்டார். பக்கோடா, பரோட்டா கிடையாது. அரிசிச் சோறும் ஒதுக்கி விடுவார். (இந்த ஒரு விஷயத்தில் நம்மவர்கள் அவரைப் பின்பற்றுவது கஷ்டம்!) சிகரெட், மது கிடையாது. உடம்பு எடை 52 கிலோதான்.

கடைசி 6 மைல்

2000-ம் ஆண்டு. லண்டன் மாரத்தான். வெள்ளைத் தாடி காற்றில் பறக்க தாத்தா ஓடினார். 6 மணி 54 நிமிஷத்தில் முடித்தார். வயது 89.

மாரத்தான் ஓடியவர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். 30 கிலோ மீட்டர் வரை ஒரு மாதிரி ஓடி விடலாம். அதற்கு மேல்தான் உயிர் போகும். தசையில் சேர்ந்து இருக்கும் சர்க்கரைச் சத்து அந்த நேரத்தில் தீர்ந்து போகும். கால் கல்லாகக் கனக்கும். சுவரில் முட்டினது மாதிரி இருக்கும்.

பவுஜா சிங் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முதல் 20 மைல் கஷ்டம் இல்லையாம். கடைசி 6 மைல் கடவுளோடு பேசிக் கொண்டே ஓடுவாராம். மகனைக் கண் முன்னால் பறிகொடுத்த மனுஷன். அந்த 6 மைலில் கடவுளிடம் என்ன பேசி இருப்பார்? யாருக்குத் தெரியும்.

2003-ல் ஒரே ஆண்டில் 3 மாரத்தான் ஓடினார். லண்டன், டொராண்டோ, நியூயார்க். டொராண்டோவில் 5 மணி 40 நிமிஷம். அப்போது வயது 92. முதல் ஓட்டத்தை விட 1 மணி 14 நிமிஷம் குறைவு. கிலோ மீட்டருக்கு சுமார் 8 நிமிஷம். வயது ஏற ஏற டைம் இறங்கியது. இதுதான் பயிற்சியின் பலன்.

பெரிய ஷூ கம்பெனிக்காரர்கள் தேடி வந்து 2004-ல் விளம்பரத்தில் போட்டார்கள். முகமது அலி, பெக்காம் நடித்த அதே விளம்பர வரிசையில் இந்த விவசாயித் தாத்தாவும் வந்தார். வந்த பணத்தைத் தர்ம காரியத்துக்குக் கொடுத்தார்.

2011 அக்டோபர் 16-ந்தேதி மறுபடி டொராண்டோ. இந்தத் தடவை வயது 100. மூன்று நாளைக்கு முன்புதான் அதே நகரத்து ஸ்டேடியத்தில் 100 மீட்டரில் இருந்து 5 ஆயிரம் மீட்டர் வரை 8 ஓட்டங்களை ஒரே நாளில் ஓடி இருந்தார். 100 மீட்டரை 23.14 செகண்டில் ஓடினார்.

மாரத்தான் முடிக்க 8 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் வந்து சேருவதற்குள் எல்லைக் கோட்டில் தடுப்புக் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்து விட்டார்கள்! 9 மணி நேரம் ஆகும் என்றுதான் நினைத்திருந்தார். முன்னாலேயே முடித்து விட்டார். கடைசித் திருப்பத்தில், இதை முடித்தால் மறுபடி கல்யாணம் பண்ணிக் கொண்ட மாதிரி என்று கோச்சிடம் சொன்னாராம்.

சர்ட்டிபிகேட் எங்கே?

100 வயதில் மாரத்தான் ஓடிய முதல் மனிதர் என்று ஊரே கொண்டாடியது. கின்னஸ் புத்தகக்காரர்கள் மட்டும் சேர்க்கவில்லை. பிறந்த சர்ட்டிபிகேட் வேண்டும் என்றார்கள்.

தாத்தாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. 1911 ஏப்ரல் 1-ந்தேதி என்று அதில் போட்டு இருந்தது. 100-வது பிறந்த நாளுக்கு எலிசபெத் ராணி அனுப்பிய வாழ்த்தும் இருந்தது. பர்த் சர்ட்டிபிகேட் இல்லை.

1911-ல் பஞ்சாப் கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு யார் சர்ட்டிபிகேட் எழுதினார்கள்? நாடு முழுவதும் ஒரே மாதிரி பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969-ல்தான் வந்தது. வயதை நிரூபிக்க ஆபீஸ் ஆபீசாக அலைந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

கின்னஸ்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உலக சாதனை என்றால் காகிதம் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் தாத்தாவுக்கு 95 என்றே வைத்துக் கொண்டாலும், 42 கிலோ மீட்டர் 42 கிலோ மீட்டர்தானே!

2012-ல் லண்டனில் 7 மணி 49 நிமிஷத்தில் தன் கடைசி மாரத்தானை ஓடினார். 2013 பிப்ரவரியில் ஹாங்காங்கில் 10 கிலோ மீட்டர். அதோடு பந்தயத்துக்குக் கும்பிடு போட்டார். வயது 101.

மறுபடி பியாஸ்

ஓட்டம் நின்றது. நடை நிற்கவில்லை. கடைசிக் காலத்தில் சொந்த ஊரிலேயே இருந்தார். தினமும் நடப்பார். 2024 டிசம்பரில் பஞ்சாப் கவர்னர் நடத்திய போதைப் பொருள் எதிர்ப்பு நடைப்பயணத்தில் கூட வந்து நடந்தார்.

லண்டனிலும் டொராண்டோவிலும் மாரத்தான் நடக்கும் நாளில் ரோட்டை அடைத்து விடுவார்கள். கார் வராது. பஸ் வராது. தாத்தா நடு ரோட்டில் ஓடுவார். இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று கை தட்டுவார்கள்.

பியாஸ் கிராமத்தில் வீட்டுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் நெடுஞ்சாலை. அந்தப் பக்கம் போக வேண்டும் என்றால், ஓடும் வண்டிகளுக்கு நடுவில் சமயம் பார்த்துத்தான் போக வேண்டும். மத்திய அரசு கணக்குப்படி 2022-ம் ஆண்டில் மட்டும் இந்திய ரோடுகளில் 32 ஆயிரம் பேருக்கு மேல் நடந்து போகும்போது வண்டி மோதி இறந்தார்கள். பாலம் கட்டுவார்கள், ரோட்டை 4 வழி 6 வழி ஆக்குவார்கள். நடந்து போகிறவன் எந்த வழியில் கடப்பது என்று பல இடங்களில் யாரும் யோசிப்பதில்லை.

சிக்கியது கார்

போலீசார் சம்பவ இடத்தைச் சோதித்தார்கள். ரோட்டில் காரின் ஹெட்லைட் உடைந்த துண்டுகள் கிடந்தன. அவற்றைச் சேகரித்தார்கள். வழியில் இருந்த கேமராப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தார்கள். கார் எது என்று தெரிந்து விட்டது. மறுநாள் இரவே அதை ஓட்டிய வாலிபர் கைது செய்யப்பட்டார். காரும் பறிமுதல் ஆனது.

வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள், உறவினர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜூலை 20-ந்தேதி பியாஸ் கிராமத்தில் அரசு மரியாதையுடன் பவுஜா சிங் உடல் தகனம் செய்யப்பட்டது. முதல்-மந்திரியும் கவர்னரும் நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார்கள்.