உரல் ஒன்று, அச்சு வேறு

எங்கள் வீட்டு இடியப்ப உரல் அம்மம்மாவின் சீதனத்தோடு வந்தது. சிறுகண் அச்சைப் போட்டால் இடியப்பம், நட்சத்திர அச்சைப் போட்டால் முறுக்கு. பிரித்தானியப் படையின் பழைய .22 அங்குலப் பயிற்சித் துவக்குகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்குப் பிடிபடாமல் இருந்தது, அந்த உரலைக் கழற்றிக் கழுவிய ஒரு நாளில்தான் பிடிபட்டது.

படையினர் கையில் இருந்த லீ-என்ஃபீல்ட் .303 துவக்கின் சன்னம் 174 கிரெய்ன், அதாவது 11 கிராமுக்குச் சற்று மேல். அதைச் சுட நீண்ட வெளி வேண்டும், உதைப்பைத் தாங்கத் தோள் வேண்டும், ரவைச் செலவும் கூட. பள்ளிக்கூடக் கடெற் பெடியனுக்கு முதலில் வரவேண்டியது மூச்சை அடக்கிக் குறிபார்த்து விசையை மெல்ல அழுத்தும் பழக்கம். அதற்கு இரண்டரைக் கிராம் சன்னமும் 25 யார் தூரமும் போதும். ஆனால் கையில் பாரமும், போல்ட்டை இழுத்துத் தள்ளும் விதமும் பெரிய துவக்கினுடையதாகவே இருக்கவேண்டும். ஆகவே உரலை வைத்துக்கொண்டு அச்சை மாற்றினார்கள்.

முதலில் வாயைப் பாருங்கள். புட்டுக் குழலுக்குள் இன்னொரு ஒல்லிக் குழலை இறுக்கிச் செருகியதாக நினையுங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மொறிஸ் குழல் அப்படிச் செருகி எடுக்கக்கூடியது. பின்னர் பர்மிங்காமின் ஏ.ஜி. பார்க்கர் நிறுவனம், தேய்ந்த .303 குழலைக் குடைந்து .22 குழலை நிரந்தரமாகப் பொருத்தியது. அப்படிப்பட்ட குழலின் நுனியைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு இரும்பும் சேரும் மெல்லிய வளையம் தெரியலாம்.

அடுத்தது போல்ட்டின் முகம். இங்கேதான் மோதகமும் கொழுக்கட்டையும் உதவுகின்றன. .303 ரவை மோதகம் மாதிரி: அதன் அடித்தட்டின் நடுவில்தான் தீப்பற்றும் மருந்து, ஊசி நடுவில் குத்தும். .22 ரவையில் அந்த மருந்து, நாங்கள் கொழுக்கட்டைக்கு விரலால் மடித்துச் சொருகும் ஓரம் போன்ற விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கவேண்டும். அதனால் பயிற்சித் துவக்கில் போல்ட்டின் தலை வேறு. ஊசித்துளை நடுவில் இராது, விலகி இருக்கும். உடல் .303 மாதிரியே இருந்தாலும் இந்த ஒரு துளை உண்மையைச் சொல்லிவிடும்.

வயிற்றில் தொங்கும் ரவைப்பெட்டியும் பேசும். பலவற்றில் உள்ளே வில்லும் தட்டும் இல்லை. ரவையை ஒவ்வொன்றாகக் கையால் வைக்கவேண்டும். வெற்றுக் கோது, தேங்காய் துருவும்போது கீழே வைத்த கடகத்தில் பூ விழுவதுபோல அந்தப் பெட்டிக்குள் விழும். 1918 மாதிரி மட்டும் தனி ரகம். .303 ரவையின் உருவில் செய்த உருக்குக் கூட்டுக்குள் .22 ரவையை வைத்து, பெட்டியிலிருந்தே ஏற்றிச் சுடுவார்கள். மாவுக்குள் பயற்றுப் பூரணம் வைத்த மாதிரி. எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்தது அதுதான்.

பிறகு எழுத்துகள். அகன்ற அம்பு முத்திரை பிரித்தானிய அரச உடைமையைக் குறிக்கும். உடலில் முதலாம் உலகப்போர்க் கால ஆண்டு வெட்டியிருக்கலாம், மாற்றியதோ பிறகு. 1921இல் வந்த மாதிரிக்கு 1926இல்தான் ‘நம்பர் 2 மார்க் 4’ என்ற பெயர் வந்தது. ‘டி.பி.’ என்றிருந்தால் அணிவகுப்புக்கு மட்டும் உரியது, அதை ஒருபோதும் சுடக்கூடாது. ‘நம்பர் 7’ என்ற பெயரில் இரண்டு உண்டு. இங்கிலாந்தில் பிஎஸ்ஏ நிறுவனம் செய்தது ஐந்து ரவை கொள்ளும் பெட்டியுடையது. கனடாவின் லோங் பிராஞ்ச் ஆலையில் செய்தது ஒற்றை ரவைத் துவக்கு. அந்த ஆலையின் பரிசோதனைக் கட்டடம் மிசிசாகாவில் இன்றும் நிற்கிறது, அங்கே குடியேறிய எங்கள் சனம் அன்றாடம் கடந்துபோகும் தூரத்தில்.

இத்தனை அடையாளம் சொன்னாலும், யாழ்ப்பாணத்தில் சேகரிப்பு என்றால் துவக்கைச் சேர்ப்பதாக இருக்க முடியாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கும் மேலாக, இந்த மண் துவக்கால் பட்ட பாடு போதும். வளவில் கிண்டும்போது துருப்பிடித்த இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் கை வைக்காதீர்கள். பொலிசுக்கோ, 2002 முதல் இங்கே கண்ணிவெடி அகற்றிவரும் ஹலோ ட்ரஸ்டுக்கோ சொல்லுங்கள்.

சேர்க்கவேண்டியவை அலுமாரிகளுக்குள் கிடக்கின்றன: கடெற் தொப்பிச் சின்னம், துளை விழுந்த குறியட்டை, குழுப்படம். இலங்கையில் கடெற் பயிற்சி 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. தாத்தாவோ மாமாவோ துவக்கோடு நிற்கும் ஒரு படம் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். மூக்கு மொட்டையாக, குழல் மரத்தோடு மரமாக முடிந்தால் அது பழைய குட்டை லீ-என்ஃபீல்ட் உடல். குழல் முன்னே வெறுமையாக நீண்டு, வயிற்றில் பெட்டியே தொங்காவிட்டால், இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த நம்பர் 8 ஆக இருக்கலாம்.

தொப்பிச் சின்னத்தைப் புளி போட்டு மினுக்காதீர்கள். எங்கள் உரலில் வெட்டியிருந்த அம்மம்மாவின் பெயரெழுத்து அப்படித்தான் தேய்ந்துபோனது. இப்போது விரலால் தடவினால் மட்டும் தட்டுப்படுகிறது.