சைக்கிளில் சபரிமலை: சாலையோரச் சமரசம் வேண்டாம்

கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டு, சைக்கிளிலேயே சபரிமலைக்குப் புறப்படும் சாமிமார்கள் உண்டு. கம்பம், குமுளி வழியாகவோ செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகவோ மலையைத் தாண்டுகிறார்கள். விரதத்தைக் குருசாமி பார்த்துக்கொள்கிறார்; சைக்கிளைக் கடைக்காரர் சரிசெய்து தருகிறார். வழியில் ஒரு வண்டி இடித்தால் என்ன செய்வது என்ற பேச்சு மட்டும் அபசகுனம் என்று ஒதுக்கப்படுகிறது. அந்தப் பேச்சுதான் முதலில் வேண்டும். மோட்டார் வாகனத்துக்குக் காப்பீடு கட்டாயம், சைக்கிளுக்கு இல்லை. தனிக் காப்பீடு எடுக்காத சைக்கிள்காரர் அடிபட்டால் கைகொடுப்பவை, இடித்த வண்டியின் காப்பீடும் அரசுத் திட்டங்களும்தான். இரண்டுமே பெரும்பாலும் காவல் நிலையப் பதிவை நம்பி நிற்பவை.

ஆபத்து பெரும்பாலும் இருட்டில் இருக்கிறது. வெயிலுக்கும் நெரிசலுக்கும் அஞ்சி விடியுமுன்பே கிளம்புவது பழக்கம். ஆனால் மார்கழி விடியல் பனிமூட்டத்தோடு வருகிறது. விரத உடையோ கறுப்பு. கேரியரில் கட்டிய பை பின்பக்க ரிஃப்ளெக்டரை மறைத்துவிட்டால், லாரி ஓட்டுநரின் கண்ணுக்குச் சைக்கிள் தென்படுவதே கடினம். குளிர்காலத்தில் பகல் வெயில் தாங்கக்கூடியதே. ஆகவே விடிந்த பின் கிளம்பி, பொழுது சாயுமுன் தங்குவதே முறை. பையின் மேல் ஒளிரும் பட்டையும் பின்னால் சிவப்பு விளக்கும் இருக்கட்டும். விளக்கில்லாமல் போனவர் மீதும் கவனக்குறைவு உண்டு என்று வாதாடி இழப்பீட்டைக் குறைக்க வழி இருக்கிறது என்பதால், இவை சட்டப்படியும் காப்பு. குமுளி வழியில், குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரையான இறக்கத்துக்குப் புதிய பிரேக் கட்டைகள் போடாமல் போவது, அதுவும் மழை ஈரத்தில், பெரும் தவறு.

விபத்து நடந்தால் பலர் செய்வது சமரசம். ஓட்டுநர் சில ஆயிரம் நீட்டுகிறார். விரதத்தில் இருப்பவர் வழக்கு எதற்கு என்று வாங்கிக்கொள்கிறார். அந்த இரக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் உள்காயம் மறுநாள்தான் தெரியவரலாம், வண்டி எண்ணோ அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும். வண்டிக்கு முறையான காப்பீடு இருந்தால் இழப்பீட்டைத் தருவது நிறுவனம், ஓட்டுநர் அல்ல. அவர் மீது குற்ற வழக்கு வரக்கூடும் என்பது உண்மையே. அதற்காகச் சிகிச்சைச் செலவைக் காயம்பட்டவர் குடும்பம் சுமப்பது நியாயமாகாது. மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவருக்கு 7 நாள்களுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அது மோட்டார் வாகன விபத்துதான் என்று காவல் துறை உறுதிசெய்ய வேண்டும். தமிழக எல்லைக்குள் 2021 முதல் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கிறது. இடித்த வண்டி தப்பிவிட்டாலும் மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உண்டு. விபத்து நடந்த வட்டத்தின் வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். தூக்கிவிட வருபவர்களும் அஞ்ச வேண்டாம்: நல்லெண்ணத்தோடு உதவியவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு காக்கிறது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

கேரளத்தில் அடிபட்டால் வழக்குக்காக மலை தாண்டி அலைய வேண்டுமே என்பது அடுத்த தயக்கம். வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, தாம் வசிக்கும் ஊருக்குரிய விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் தந்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வண்டி எதுவும் இடிக்காமல், இறக்கத்தில் தானே சறுக்கி விழுபவருக்கு இவற்றில் பெரும்பாலானவை பொருந்தா. அதற்குப் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். 18 முதல் 70 வயதுவரை வங்கிக் கணக்கு உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால் போதும். உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் கிடைக்கும். மருத்துவமனைச் செலவு இதில் வராது. பணம் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று மாலை போடும் நாளிலேயே பாஸ்புக்கில் பார்த்துவிடலாம்.