அரை நொடி தாமதம்... சர்வர்களைக் காப்பாற்றிய சந்தேகம்! லினக்ஸ் ஆர்வலர்கள் தினமும் என்னதான் செய்கிறார்கள்?

'லினக்ஸா? கறுப்பு ஸ்கிரீன்ல எழுத்தா ஓடுமே, அதானே?' என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால், உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் நீங்களும் லினக்ஸ் பயனாளர்தான். ஆண்ட்ராய்டின் அடித்தளமே லினக்ஸ் கெர்னல். 2017 நவம்பர் முதல் உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. இணையத்தைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பகுதியும் அப்படித்தான்.

இவ்வளவு பெரிய கட்டடத்தின் பல செங்கற்களை வைத்தது, ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, பைசா வாங்காமல் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆர்வலர்கள். அந்த அன்றாட உழைப்பின் பலம், பலவீனம் இரண்டையும் 2024 மார்ச்சில் ஒரே சம்பவம் காட்டிக்கொடுத்தது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

1991 ஆகஸ்ட் 25 அன்று, ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அங்கே தொடங்கியதுதான் லினக்ஸ். அந்தப் 'பொழுதுபோக்கு' மனநிலை இன்றும் இந்த வட்டாரத்தில் மாறவில்லை.

பல ஆர்வலர்கள், இன்னும் சோதனையில் இருக்கும் பதிப்பையே சொந்த லேப்டாப்பில் போட்டிருப்பார்கள். காலையில் அப்டேட் போட்டதும் வைஃபை போய்விடும். இல்லையென்றால் சவுண்ட் வராது. நாமாக இருந்தால் திட்டிக்கொண்டே ரீஸ்டார்ட் பண்ணுவோம். அவர்கள் லாக் ஃபைலைத் திறப்பார்கள். எந்தப் பதிப்பு, எந்த ஹார்டுவேர், என்ன செய்தால் பிரச்னை மறுபடி வருகிறது, வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஒரு 'பக் ரிப்போர்ட்' எழுதுவார்கள். கோடிங் தெரிந்தவர் அதைச் சரிசெய்து அனுப்ப, அந்த மென்பொருளைப் பராமரிக்கும் 'மெயின்டெயினர்' பரிசோதித்துச் சேர்ப்பார்.

கோடிங் தெரியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. மெனுக்களைத் தாய்மொழியில் மொழிபெயர்ப்பது, வழிகாட்டி எழுதுவது, புதிதாக வருபவரின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொடுப்பது... எல்லாமே பங்களிப்புதான்.

2024 மார்ச்சில் என்ன நடந்தது?

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்க்கும் இன்ஜினீயர். போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர். டெபியன் லினக்ஸின் 'அன்ஸ்டேபிள்' பதிப்பில் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, ரிமோட் லாகினுக்கான எஸ்எஸ்ஹெச் சேவை வழக்கத்தைவிட அதிகமாக சிபியூவை விழுங்குவதைக் கவனித்தார். லாகின் சுமார் அரை நொடி தாமதமாகிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

'சரி, விடு' என்று அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனதில், ஃபைல்களைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இசட் யூடில்ஸ்' என்ற சின்ன மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பேக்டோர் இருப்பது தெரிந்தது. அதாவது, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் திருடனுக்கு மட்டும் திறக்கும் புழக்கடைக் கதவு. குறிப்பிட்ட ரகசியச் சாவி வைத்திருப்பவர், பாஸ்வேர்டே இல்லாமல் அந்த சர்வரில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

மார்ச் 29-ம் தேதி அவர் இதை வெளிப்படையாக அறிவித்தார். பெரும்பாலான சர்வர்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளுக்குள் அந்தக் கோடு அப்போது நுழைந்திருக்கவில்லை. கொஞ்சம் தாமதமாகியிருந்தாலும் கதை வேறு.

கதவு எப்படித் திறந்தது?

இங்கேதான் வலிக்கும் பகுதி. எக்ஸ்இசட்டை ஆண்டுக்கணக்கில் பராமரித்தவர் லாஸ்ஸே காலின் என்ற ஒரே டெவலப்பர். 2022-ல், 'ஏன் இவ்வளவு லேட்?', 'வேறு ஆளிடம் கொடுங்கள்' என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். நீண்டகாலமாக மனநலப் பிரச்னைகள் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

அந்த நேரத்தில் கைகொடுக்க வந்தவர்தான் 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கியவர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு விஷத்தை வைத்தார். நெருக்கியவர்களும் அதே திட்டத்தின் ஆட்கள் என்றே பாதுகாப்பு வல்லுநர்கள் சந்தேகிக்கிறார்கள்.

கோடு எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கிறது என்பதாலேயே எல்லோரும் அதைப் படிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால், திறந்திருந்ததால்தான் எக்ஸ்இசட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரால் அதன் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது.

காசு யார் கொடுக்கிறார்கள்?

லினக்ஸ் கெர்னலைப் பொறுத்தவரை கவலை குறைவு. அதில் பெரும்பகுதியை எழுதுபவர்கள் நிறுவனங்களில் சம்பளம் வாங்கும் இன்ஜினீயர்கள். சிக்கல், யார் கண்ணிலும் படாமல் அடியில் கிடக்கும் சின்னச் சின்ன மென்பொருள்களில்தான். 2014-ல் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை இணையத்தையே உலுக்கியபோது, அதற்குக் காரணமான ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பது வெளியே வந்தது. பிறகுதான் பெரிய நிறுவனங்கள் பர்ஸைத் திறந்தன. பத்து ஆண்டுகள் கழித்தும், எக்ஸ்இசட் ஒற்றை ஆளின் தோளில்தான் இருந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* லினக்ஸை முயன்று பார்க்க லேப்டாப்பில் எதையும் அழிக்க வேண்டாம். ஒரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே பூட் செய்து பார்க்கலாம்.
* உங்கள் கம்பெனியின் ஆப் எந்தெந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை நம்பியிருக்கிறது என்று கேளுங்கள். அவற்றுக்கு நிதியோ, ஊழியர்களின் நேரமோ ஒதுக்கச் சொல்லலாம்.
* பிரச்னை வந்தால் விவரத்தோடு எழுதுங்கள். 'இதைக்கூட சரி பண்ண மாட்டீங்களா?' என்று மட்டும் வேண்டாம். எக்ஸ்இசட் விஷயத்தில், தாக்கியவர்கள் முதலில் எடுத்த ஆயுதமே அந்த மாதிரி மெசேஜ்கள்தான்.