நிறம் போயிற்று, உப்பு போகவில்லை

பருத்தித் துணியில் சாயம் சும்மா ஏறிவிடாது. தண்ணீரில் கரைந்து நிற்கும் சாயத்தை இழையின் பக்கம் தள்ள உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு அறுபது, எழுபது கிராம்கூடப் போடுவார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு துணியில் ஒட்டாது, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் தொடங்கிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தை இறக்கின. தண்ணீர் தெளிந்தது, உப்பு மட்டும் நொய்யல் ஆற்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கண்ணில் பட்ட கேடு மறைந்ததால், கண்ணில் படாத கேட்டுக்கு வழி இன்னும் சுலபமானது என்றே தோன்றுகிறது.

கண்ணில் படாததைக் காட்டித் தருவது பல்கலைக்கழகங்களின் வேலை. ஆனால் அவை மக்களின் உடல்நலத்துக்கு என்ன செய்கின்றன என்று கேட்டால், ஆண்டுக்கு எத்தனை டாக்டர்களை அனுப்புகின்றன என்று கணக்குச் சொல்வதுதான் வழக்கம். அந்தக் கணக்கு பாதிதான். டாக்டர் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கிறார். ஓர் ஆற்றுப் படுகையின் கிணறுகள் எல்லாம் சேர்ந்து என்ன ஆயின என்பது எந்த கிளினிக்குக்கும் டோக்கன் வாங்கிக்கொண்டு வருவதில்லை. அதற்கு அளக்கத் தெரிந்தவர்கள், அளந்ததை எழுதிவைப்பவர்கள், சாயப்பட்டறையின் சம்பளத்தை நம்பியிராதவர்கள் தேவை. மண் வேதியியல் படித்தவரும் பொருளாதாரம் படித்தவரும் மக்கள் நலத்துக்குள் நுழையும் வாசல் இதுதான். திருப்பூரின் கதை இதற்கு நல்ல சான்று.

நொய்யலின் குறுக்கே சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கிணற்று நீர் கரிக்கிறது என்பது விவசாயிக்கு நாக்கிலேயே தெரியும். ஆனால் நாக்கு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. உப்பைக் கணக்கிட உதவும், பேனா அளவே உள்ள மின்கடத்துமானியைத் தண்ணீரில் நுழைத்தால் வரும் எண் சாட்சி சொல்லும். ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 மில்லிகிராம்; வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. கோவை வேளாண் பல்கலைக்கழகம், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களின் ஆய்வாளர்கள் இந்தப் படுகையின் மண்ணையும் நீரையும் சோதித்தார்கள். பொருளாதார ஆய்வாளர்களான பால் அப்பாசாமியும் பிரகாஷ் நெல்லியாட்டும் ஒரு படி மேலே போய், விளைச்சலிலும் குடிநீரிலும் ஊருக்கு ஆன நஷ்டத்தை ரூபாயில் கணக்கிட்டார்கள். ‘கரிக்கிறது’ என்ற புகார் அதன்பின் கடன் பாக்கியாக மாறியது.

சாயக்கழிவுக்கு எதிராக வழக்குப் போட்டது விவசாயிகள்தானே, பேராசிரியர்களுக்கு இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாசன விவசாயிகளின் நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் விடாமல் நின்றிராவிட்டால் ஆய்வேடுகள் நூலகத்தில் தூசி படிந்து கிடந்திருக்கும். ஆனால் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ‘கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்று உறுதி செய்ததும் ஆவேசத்தை மட்டும் கேட்டு அல்ல. அளவும் வேண்டியிருந்தது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2011 ஜனவரி 28ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. சனிக்கிழமை சம்பளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன. வேலையில்லாமல் பட்டினி கிடப்பது ஆரோக்கியமா? இல்லை. ஆனால் அந்த அடி அளந்ததால் விழவில்லை. அளந்து சொன்னதை வருஷக்கணக்கில் கேட்காததால் விழுந்தது. பின்னர் பட்டறைகள் திறந்தபோது, ஒரு சொட்டும் வெளியே விடாத முறையில் ஆர்.ஓ. வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் வந்தன; தண்ணீர் திரும்பக் கிடைத்தது. அருள்புரம் நிலையத்தில் உப்புக்கரைசலையே மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தினார்கள். மின்செலவு அதிகம், கசடு மூட்டைகளை எங்கே கொட்டுவது என்பது தீராத தலைவலி. ஆனாலும் தொழில் நிற்கிறது.

நீரில் நடந்தது காற்றில் நடக்கவில்லை என்பதுதான் என் குறை. நூல் மில்லில் பஞ்சைப் பிரிக்கும் ப்ளோரூமிலும் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத்தூசி பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தரும். அதன் அடையாளம் விசித்திரமானது: வார ஓய்வு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகும், அடுத்தடுத்த நாட்களில் தளரும். வியாழக்கிழமை டாக்டரிடம் போனால் ஆஸ்துமா என்றோ பீடிப் பழக்கம் என்றோ பெயர் வாங்கிக்கொண்டு திரும்பலாம். 1950களில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஷில்லிங், லங்காஷயர் மில் தொழிலாளர்களை விசாரித்து, நோயின் படிகளையே திங்கட்கிழமையை வைத்துப் பிரித்தார். இத்தகைய ஆய்வுகளின் பலத்தில் அமெரிக்கா 1978இல் நூற்பாலைக் காற்றின் தூசிக்கு கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என வரம்பு கட்டியது. அங்கே நோய் வெகுவாகக் குறைந்தது.

நம் சட்டத்திலும் இந்த நோய்க்கு இடம் இருந்து வந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் பிஸினோசிஸ் இருந்தது. பார்த்த டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது அதன் 89ஆம் பிரிவு. ஆய்வு செய்யலாமே என்றால், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆறு மாதத்தில் ஊர் மாறுகிறார்கள், அவர்களை எப்படித் தொடர்வது என்பார்கள். இருமல் தாங்காமல் வேலையை விட்டுப் போனவர் கணக்கில் விழமாட்டார் என்பதும் உண்மையே. ஆகவே ஓராண்டு காத்திருக்கும் ஆய்வைவிட, ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஒரே நாளில் மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லும் சோதனை இங்கே பொருந்தும். 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்களுக்கு மில் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. ஷில்லிங்கின் கேள்வியில் ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். வார ஓய்வு ஷிப்டுக்கு ஷிப்ட் மாறும் மில்லில் திங்கட்கிழமையைக் கேட்டுப் பயனில்லை. ‘லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கு நெஞ்சு இறுக்குதுங்களா?’ என்று கேட்க வேண்டும்.